தமிழ் டப்பிங்குக்கு ஏன் இரண்டாவது சீசன் வருவதில்லை? திருட்டுப் பதிவேற்றம் பற்றி உள்ளே இருந்து கொஞ்சம்

ஒலிக்கூடம் (இழையைத் தொடங்கியவர்):

நான் டப்பிங்குக்கு வசனம் எழுதுகிறவள். ஒன்பது வருடமாகச் சாலிகிராமம், வடபழனி பக்கத்து டப்பிங் தியேட்டர்களில், அதாவது குரல் பதியும் ஸ்டூடியோக்களில்தான் பிழைப்பு. கார்ட்டூன், அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன், கொரியத் தொடர் என்று எது வந்தாலும் எழுதுவேன்.

போன வாரம் என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி யூட்யூப் இணைப்பு ஒன்றை அனுப்பி, "இது நானான்னு பாருங்கக்கா" என்றாள். கேட்டேன். அவள்தான். ஆனால் எலிக்குஞ்சு பேசுவது மாதிரி இருந்தது. யூட்யூபின் தானியங்கிச் சோதனையில் மாட்டாமல் இருக்க ஒலியின் சுருதியை ஏற்றி, படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டி, நடுவில் ஒரு சூதாட்டச் செயலியின் விளம்பரத்தையும் ஒட்டியிருந்தார்கள். நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே முதல் கருத்து: "ஹீரோயின் வாய்ஸ் செட் ஆகல, கீச் கீச்னு இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் கோபம். அந்தப் பாத்திரத்துக்கு அவளைக் கீழ்ச்சுருதியில் பேசவைக்க நாங்கள் முழுதாக இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியிருந்தோம்.

இதை எழுத வேறு காரணமும் இருக்கிறது. "திருட்டுத்தனமாகப் பார்த்தால் டப்பிங்காரர்களுக்கு என்ன நஷ்டம், அவர்களுக்குத்தான் சம்பளம் முன்பே வந்துவிட்டதே" என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். சம்பளம் பற்றிச் சொல்வது சரிதான். எபிசோடுக்கு இவ்வளவு, கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டு போகிறோம். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காசு மாறாது. அடி விழுகிற இடம் வேறு. அடுத்த சீசனுக்கு எந்தெந்த மொழி என்று ஒரு கூட்டத்தில் முடிவு செய்வார்கள். அங்கே மேசையில் இருப்பது ஒரே ஒரு கணக்கு: தமிழ் ஆடியோவைத் தேர்ந்தெடுத்து எத்தனை பேர், எத்தனை நிமிடம் பார்த்தார்கள். யூட்யூபில் கீச்சுக் குரலில் பார்த்த நாலு லட்சம் பேர் அந்தக் கணக்கில் பூஜ்யம். எனக்கே இரண்டு தொடர்களில் இது நடந்தது. முதல் சீசன் இந்தி, தமிழ், தெலுங்கு. இரண்டாவது சீசன் இந்தி மட்டும்.

கேள்வி கேளுங்கள், சொல்கிறேன். கம்பெனி பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

கடைசி_பெஞ்ச்:

அக்கா, மன்னிச்சிடுங்க. அந்த நாலு லட்சத்தில் நானும் ஒருவனாக இருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு தொடர் இந்தச் செயலியில், அதன் படம் இன்னொன்றில், பழைய சீசன் மூன்றாவதில். நான் படிப்பது பாலிடெக்னிக், மெஸ் பில் கட்டவே கடன். எல்லாவற்றுக்கும் சந்தா கட்ட முடியுமா?

ஒலிக்கூடம்:

முடியாதுதான் தம்பி. மூன்றுக்கும் கட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அனிமேவுக்கான செயலி க்ரஞ்சிரோல் 2022-ல் இந்தியாவுக்கென்று மாதம் 79 ரூபாய் என இறக்கியது. அது இரண்டு டீயும் இரண்டு பஜ்ஜியும். மியூஸ் ஏசியா போன்ற அனிமே விநியோகஸ்தர்கள் யூட்யூபிலேயே விளம்பரத்தோடு இலவசமாக, முறைப்படி உரிமை வாங்கிப் போடுகிறார்கள். விலைதான் காரணம் என்றால் அந்த 79 ரூபாய்க்குப் பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டாமா?

கடைசி_பெஞ்ச்:

பஜ்ஜி கணக்கு சரி. ஆனால் பஜ்ஜிக் கடையில் யாரும் கார்டு கேட்பதில்லை 🙂 டெலிகிராமில் தட்டினால் வருகிறது, அதுதான் உண்மை.

சுட்டிப்பையன்:

எங்கள் தலைமுறையையும் கொஞ்சம் கேளுங்கள். 2007-ல் சுட்டி டிவி வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. ஜாக்கி சான் அட்வென்சர்ஸ் தமிழில் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. அந்த மாமா பாத்திரத்தின் பேச்சை எங்கள் தெருவில் பாதிப் பேர் பேசிக்காட்டுவார்கள். இன்று அதைக் காசு கொடுத்துப் பார்க்கத் தயாராக இருக்கிறேன். எங்கே கொடுப்பது? நான் தேடிப்பார்த்த எந்தச் செயலியிலும் அந்தத் தமிழ் ஒலி இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் டிவி டியூனர் கார்டு போட்டுக் கணினியில் பதிந்து வைத்ததுதான் மிச்சம். மூலையில் சேனல் முத்திரை, கீழே மாவு விளம்பரம் ஓடும். அதுவும் திருட்டுதானே? ஆனால் அவர் திருடாமல் இருந்திருந்தால் அந்தக் குரல்கள் காற்றோடு போயிருக்கும்.

ஒலிக்கூடம்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது. அந்தக் காலத்து டேப்புகள் பல தியேட்டர்களில் இடம் அடைக்கிறது என்று அழித்து எழுதப்பட்டதைப் பார்த்த சீனியர்கள் இருக்கிறார்கள். சேனலுக்கு ஒளிபரப்பு உரிமை இத்தனை வருடம் என்று ஒப்பந்தம். முடிந்ததும் படம் உரிமையாளரிடம் போய்விடும், தமிழ் ஒலிக்கு அனாதைப் பிள்ளையின் கதி.

ஆனால் கிடைக்காத ஒன்றைச் சேமிப்பதும், நேற்று இரவு வந்ததை இன்று காலை ஏற்றுவதும் ஒன்றாகிவிடாது.

ரெண்டர்_ராத்திரி:

நான் அனிமேஷன் பக்கம். பெங்களூரில் பத்து வருடம் லைட்டிங் வேலை பார்த்தேன், இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழியையும் திருட்டின் தலையில் போடுவது முதலாளிகளுக்கு வசதி. 2013 பிப்ரவரியில் லைஃப் ஆஃப் பை படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. ஒரு பகுதியைப் புதுச்சேரியில் எடுத்த படம், நம் ஆட்களுக்கு நினைவிருக்கும். அதில் வரும் புலியைக் கணினியில் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி, விருது வாங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு திவால் மனு போட்டிருந்தது. திருட்டு டிவிடியா அவர்களைக் கவிழ்த்தது? ஒரு விலை பேசி எடுத்த வேலையில் நூறு திருத்தம், அதற்குத் தனிக் காசு கிடையாது. அதுதான் கவிழ்த்தது. 2025-ல் இன்னொரு விஷுவல் எஃபெக்ட்ஸ் கம்பெனியான டெக்னிகலர் மூடியபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். அதற்கும் டெலிகிராமுக்கும் சம்பந்தம் கிடையாது.

ஜப்பானைப் பாருங்கள். 2023-ல் அனிமே சந்தை சுமார் 3.34 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல், 1.72 லட்சம் கோடி, வெளிநாட்டு வருமானம். அதுவரை காணாத உயரம். ஆனால் இடைச்சட்டம், அதாவது இரண்டு முக்கிய ஓவியங்களுக்கு நடுவே வரும் அசைவுகளை வரைகிற பிள்ளைக்கு ஓர் ஓவியத்துக்கு 200 யென் பக்கம்தான் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள். ஏனென்றால் படத்தின் உரிமை தயாரிப்புக் குழுவிடம் இருக்கும். டிவி சேனல், பதிப்பகம், பொம்மைக் கம்பெனி எல்லாம் சேர்ந்த குழு. வரைகிற ஸ்டூடியோ பல நேரம் வெறும் கூலிக்காரர். திருட்டு நாளைக்கே ஒழிந்தாலும் அந்தப் பணம் அந்தப் பிள்ளையின் பாக்கெட்டுக்குத் தானாக வராது.

ஒலிக்கூடம்:

நீங்கள் சொல்வதில் முக்கால்வாசிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அந்தப் பிள்ளைக்காவது ஜப்பானில் வேலை நிற்காது, உலகமே வாங்குகிறது. தமிழ் டப்பிங் ஒரு மெல்லிய கிளை. அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே போதும்.

வக்கீல்_வண்டி:

சட்டம் பற்றி இரண்டு வரி, யாரும் கேட்காவிட்டாலும்.

சினிமா தியேட்டரில் படத்தைப் பதிவு செய்வது, அதைப் பரப்புவது இரண்டுக்கும் 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தித் தனிக் குற்றமாக்கினார்கள். மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம், அதிகபட்சம் கணக்குத் தணிக்கை செய்த தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். செயலியில் வரும் தொடரை எடுத்துப் போட்டால் பழைய பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு: ஆறு மாதம் முதல் மூன்று வருடம்.

காகிதத்தில் பயங்கரமாக இருக்கும். நடைமுறையில் யார் மீது வழக்கு என்றே தெரியாது. அதனால் நம் நீதிமன்றங்களில் "அசோக் குமார்" என்ற பெயர் தெரியாத ஆசாமி மீது உத்தரவு வாங்குவார்கள். பாவம், எத்தனை நிஜ அசோக் குமார்கள் திடுக்கிட்டார்களோ. ஒரு தளத்தை முடக்கினால் மறுநாள் ஓர் எழுத்தை மாற்றி வந்துவிடும். 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம், புதிதாக முளைக்கும் நகல் தளங்களையும் அதே உத்தரவில் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. அதன் பிறகு கொஞ்சம் வேகம் வந்திருக்கிறது. தளம் முளைக்கும் வேகம் அதைவிட அதிகம்.

கடைசி_பெஞ்ச்:

க்ரஞ்சிரோலே ஒரு காலத்தில் திருட்டுத் தளம்தானே? இப்போது நமக்குப் பாடம் எடுக்கிறது.

ரெண்டர்_ராத்திரி:

உண்மை. 2006-ல் தொடங்கியபோது ரசிகர்கள் அனுமதியில்லாமல் ஏற்றியவைதான் அதில் ஓடின. 2009 ஜனவரியில் டிவி டோக்கியோவோடு ஒப்பந்தம் போட்டு நருடோ ஷிப்புடன் தொடரை முறைப்படி கொண்டுவந்தார்கள், உரிமை இல்லாததை எடுத்துவிட்டார்கள். 2021-ல் சோனி அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. திருடியவர்கள் கூட்டத்தில் ஒருவர் கடை போட்டு ஜெயித்த கதை. ஆனால் தம்பி, இதை நீ வாதமாகச் சொல்கிறாய் என்றால், உன் டெலிகிராம் சேனல்காரர் என்றைக்குக் கடை போடப்போகிறார் என்று கேட்டுச் சொல்.

கொழும்பு_மழை:

நான் இலங்கைக்காரன், இப்ப டொரொண்டோவில் இருக்கிறன். என்ர மகளுக்கு ஏழு வயது. அவளுக்குத் தமிழ் காதில் விழவேணும் எண்டுதான் தமிழ் ஒலியுள்ள கார்ட்டூன் தேடுறன். ஒரு செயலியில் தமிழ் இருக்கு எண்டு போட்டிருந்தார்கள், காசும் கட்டினேன். திறந்து பார்த்தால் இந்த நாட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டும்தான். உதவி மையத்துக்கு எழுதினால் "உங்கள் பிராந்தியத்தில் இல்லை" எண்டு ஒரு வரி. கடைசியில் சென்னையில் இருக்கும் மச்சான் ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பினவர். அதைத் திருட்டு எண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசு கட்டிப்போட்டுத்தான் பார்க்கிறன்.

ஒலிக்கூடம்:

அண்ணா, இதைப் படித்ததும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஒலி தயாராகச் சர்வரில் கிடக்கிறது, ஒரு பொத்தானைத் தட்டினால் உங்கள் மகளுக்குக் கேட்கும். உரிமையை நாடு நாடாக விற்பதால் வரும் வினை. உங்கள் மகள் பார்த்த நிமிடங்களும் அந்தக் கூட்டத்தின் கணக்கில் பூஜ்யம்தான். யார் குற்றம் என்று வரும்போது இதில் நான் உங்களைச் சேர்க்க மாட்டேன்.

எண்_கணிதம்:

எண்கள் பற்றிச் சொல்ல வேண்டும். 2023-ல் இந்தியத் திருட்டுச் சந்தை 22,400 கோடி ரூபாய் என்று ஈஒய் ஆலோசனை நிறுவனமும் இந்திய இணைய, மொபைல் சங்கமும் அறிக்கை விட்டன. ஊடகம் பார்ப்பவர்களில் 51 சதவீதம் பேர் திருட்டு வழியைத் தொடுகிறார்களாம். ஜப்பானில் திருட்டை எதிர்க்கும் கோடா அமைப்பு 2021-க்குச் சொன்ன நஷ்டம் 1.95 முதல் 2.2 லட்சம் கோடி யென் வரை, படம், புத்தகம், இசை, விளையாட்டு எல்லாம் சேர்த்து. இந்த மாதிரிக் கணக்குகளை நான் அப்படியே விழுங்க மாட்டேன். திருட்டுத்தனமாகப் பார்த்தவனெல்லாம் வேறு வழியில்லை என்றால் காசு கொடுத்திருப்பானா? பாதிப் பேர் பார்க்காமலே தூங்கியிருப்பான்.

அதனால் இழைக்காரர் சொன்ன "இரண்டாவது சீசனில் தமிழ் இல்லை" என்ற ஒற்றை உதாரணம் எனக்கு இந்தக் கோடிகளைவிட நம்பும்படி இருக்கிறது.

ஜன்னல்_சீட்:

உள்ளே இருந்தே கசிவதைப் பற்றி யாரும் பேசவில்லையே? டான்டாடான் அனிமே வெளிவருவதற்கு முன்பே கசிந்ததே.

ஒலிக்கூடம்:

அதைச் சொல்லாமல் விட்டதே தப்பு. எங்கள் அன்றாட வேலையை மாற்றியது அதுதான்.

2024 ஆகஸ்டில் டான்டாடான், ரன்மா, ஆர்கேன் இரண்டாவது சீசன் எல்லாம் வெளிவராமலே இணையத்தில் வந்தன. தங்கள் போஸ்ட் புரொடக்‌ஷன் கூட்டாளி ஒருவரிடமிருந்து கசிந்தது என்று நெட்ஃபிளிக்ஸ் சொன்னது. டப்பிங், சப்டைட்டில் வேலை செய்யும் ஐயூனோ நிறுவனம் தங்கள் பக்கம் பாதுகாப்புச் சிக்கல் நடந்ததை ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2016 கடைசியில், ஹாலிவுட்டில் லார்சன் என்ற ஒலிக்கூடத்தின் கணினிகளுக்குள் இணையத் திருடர்கள் புகுந்தார்கள். கணவன் மனைவி நடத்துகிற சின்ன இடம். 50,000 டாலர் அளவுக்குப் பிட்காயினில் கொடுத்தும், ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக் ஐந்தாவது சீசனைத் திருடர்கள் வெளியே விட்டார்கள்.

உலகத்தில் எங்கே கசிந்தாலும் சந்தேகம் எங்கள் மேல்தான் விழும். டப்பிங்குக்குப் படத்தை வெளியாவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும், பத்து நாட்டில் பத்து ஸ்டூடியோ. எனவே இப்போது எங்கள் வேலை எப்படி என்றால்: முன்பு நான் வீட்டில் உட்கார்ந்து, பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே வசனம் எழுதுவேன். இப்போது தியேட்டரில் ஓர் அறை, இணையம் இல்லாத கணினி, செல்போன் வெளியே பெட்டியில். படம் கறுப்பு வெள்ளையில், மங்கலாக, குறுக்கே என் பெயர் பெரிதாக ஓடும். மேலே நொடிக் கணக்கைக் காட்டும் டைம்கோடு. பெரிய படம் என்றால் திரை முழுக்கக் கறுப்பு, பேசுகிறவரின் வாய் மட்டும் ஒரு வட்டத்துக்குள் தெரியும். அவர் அழுகிறாரா, யாரிடம் பேசுகிறார், கையில் கத்தி இருக்கிறதா ஒன்றும் தெரியாது. ஒரு முறை "வாடா" என்று அதட்டலாக எழுதிவிட்டேன். படம் வந்த பிறகு பார்த்தால் அவர் குழந்தையைக் கைநீட்டி அழைக்கிறார். குரல் கொடுத்தவரும் அதட்டியேதான் பேசியிருந்தார். அந்தக் காட்சியை வைத்து எங்களை மீம் போட்டார்கள்.

தமிழ் டப்பிங் சரியில்லை, அதனால்தான் நான் காசு கொடுப்பதில்லை என்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். சரியில்லாமல் போனதில் ஒரு பங்கு இந்தக் கறுப்புத் திரைக்கு.

கடைசி_பெஞ்ச்:

இது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. வாய் மட்டுமா??

இன்னொன்றும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாங்கள் ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து ஒரு அனிமேவுக்கு ரசிக டப்பிங் செய்தோம். போர்வைக்குள் உட்கார்ந்து மொபைலில் பதிந்தோம். ஏழு எபிசோடு. சேனலை முடக்கிவிட்டார்கள். அப்போது அழுகை வந்தது.

ஒலிக்கூடம்:

போர்வை நல்ல யோசனை, பெரிய பெரிய ஆட்களே லாக்டவுனில் அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே நின்று பேசினார்கள். பின்னணி இசையை எப்படிப் பிரித்தீர்கள்? எங்களுக்கு இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள தனி டிராக் வரும். உங்களிடம் அது இருந்திருக்காதே.

கடைசி_பெஞ்ச்:

ஒரு ஏஐ செயலியில் போட்டோம். ஜப்பானியக் குரலை எடுத்துவிடும். சில இடத்தில் பேய் மாதிரிப் பின்னால் முணுமுணுக்கும். வசனம் ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்து எழுதியதுதான். ஆனால் ஒரு விஷயம் கவனித்தோம். ஜப்பானியக் குரலைக் கேட்டுக்கொண்டே பேசினால் தமிழ் தானாக உட்கார்கிறது, ஆங்கிலத்தைக் கேட்டால் உட்காரவில்லை. அது ஏன்?

ஒலிக்கூடம்:

தம்பி, இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருடம் ஆனது.

ஜப்பானியத்திலும் தமிழிலும் வினைச்சொல் கடைசியில் வரும். இல்லை, மாட்டேன் என்பதும் கடைசியில்தான். எதிரியின் கழுத்தில் வாளை வைத்துக்கொண்டு நாயகன் பேசுகிறான் என்று வை. "உன்னைக் கொல்ல..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "மாட்டேன்" என்பான். ஜப்பானிய மூலத்தில் அந்த நிறுத்தம் சரியாக அங்கேதான் இருக்கும், அதற்கேற்ப வாயும் கண்ணும் வரைந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் "மாட்டேன்" முதலிலேயே வந்துவிடும், சஸ்பென்ஸ் போச்சு. எங்களுக்குக் கையில் தருவது ஆங்கில ஸ்கிரிப்ட். அதைப் பார்த்து எழுதும் அவசரத்தில் நாங்களும் சில நேரம் நிறுத்தத்தைத் தொலைத்துவிடுவோம். நான் இப்போதெல்லாம் ஜப்பானிய டிராக்கைப் போட்டுக் கேட்காமல் ஒரு வரி எழுத மாட்டேன். இதற்கு ஒரு எபிசோடுக்கு அரை நாள் கூடுதலாகும், அதற்குத் தனிக் காசு கிடையாது.

நீ அந்தச் சேனலை முடக்கியதற்கு அழுதது எனக்குப் புரிகிறது. உரிமை இல்லாததால் முடக்கினார்கள், அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் காது இருக்கிறது உனக்கு. வாய்ஸ் டெஸ்டுக்கு வா. யூனியன் கார்டு, உறுப்பினர் கட்டணம் என்று வழியில் சில மேடு உண்டு, தனிச்செய்தியில் சொல்கிறேன்.

ரெண்டர்_ராத்திரி:

ஏஐ என்றதும் ஞாபகம் வந்தது. 2025 கடைசியில் அமேசான் பிரைம் சில அனிமேக்களுக்கு இயந்திரக் குரலில் ஆங்கில டப்பிங் போட்டு, ரசிகர்கள் கிழித்த கிழியில் எடுத்துவிட்டது. ஆங்கிலத்துக்குச் சண்டை போட ஆளிருக்கிறது. நாளை தமிழுக்கு அதைச் செய்தால்? பார்வை குறைவு, மனிதக் குரலுக்குச் செலவு கட்டாது என்று காரணம் தயாராக இருக்கும்.

ஒலிக்கூடம்:

இரவு தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான். ஆனால் 2025 செப்டம்பர் 12 அன்று டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காசில் என்ற அனிமே படம் தமிழிலும் தியேட்டருக்கு வந்ததே, அதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஜூலை 18. எட்டு வார இடைவெளி. அத்தனை நாள் காத்திருந்து காசு கொடுத்துத் தமிழில் பார்க்கப் பிள்ளைகள் வந்தார்கள். வடபழனியில் நான் பார்த்த காட்சியில் பின்வரிசைப் பையன்கள் வசனத்தைக் கூடவே சொன்னார்கள், எந்தப் பதிப்பில் பார்த்து மனப்பாடம் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சுட்டிப்பையன்:

இழை எங்கெங்கோ போய்விட்டது, பரவாயில்லை. ஒலிக்கூடம் அக்கா, ஓர் உதவி. என்னிடம் உள்ள பழைய பதிவில் வேறொரு கார்ட்டூன், அதில் ஒரு பாட்டி பாத்திரம். நாற்பது நொடித் துண்டு, தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். சேனல்காரர்கள் கடைசிப் பெயர்ப் பட்டியலை வெட்டி விளம்பரம் போட்டுவிட்டார்கள். பதினைந்து வருடமாக யார் குரல் என்று தேடுகிறேன்.

ஒலிக்கூடம்:

வந்தது. நாளை எங்கள் சீனியர் இன்ஜினியரிடம் போட்டுக் காட்டுகிறேன்.

ஒலிக்கூடம்:

காட்டினேன். இரண்டாவது வரி முடிவதற்குள் பெயரைச் சொல்லிவிட்டார். அப்போது அந்த அம்மாவுக்கு இருபத்தாறு வயதாம், பாட்டிக் குரலுக்கு வாயில் வெற்றிலை அடக்கிக்கொண்டு பேசுவாராம், ஒலிப்பதிவுக் கான்சோல் அறையில் ஒரு சொம்பு தயாராக வைத்திருப்பார்களாம். இப்போது டப்பிங்கில் இல்லை, தாம்பரம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். நம்பர் வாங்கியிருக்கிறேன். பெயரை இங்கே போடலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். அந்த நாற்பது நொடியை அவருக்கு அனுப்பலாமா?

சுட்டிப்பையன்:

முழு எபிசோடே இருக்கிறது அக்கா. அனுப்புங்கள்.